முப்பத்தாறு டிகிரியில் சும்மா இருந்த பாக்டீரியா

நான் ஓய்வு பெற்ற அடுத்த கோடையில் பவித்ரா போன் செய்தாள். திருக்கோகர்ணத்தில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் இப்போது என் இடத்தில் இருப்பவள் அவள்தான்.

"மேடம், அந்த முப்பத்தாறு டிகிரி டெஸ்ட் இனிமே வேணாங்கறாங்க. எண்ணிக்கை சரியா வந்தாப் போதும், பேட்ச்ச அனுப்பிரலாம்னு சொல்றாங்க. இத ஏன் ஆரம்பிச்சீங்கன்னு இங்க யாருக்கும் தெரியல. எனக்கும் தெரியல. ஒரு பக்கம் எழுதித் தர்றீங்களா?"

சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்குகிற விஷயம் இல்லை அது. அதனால் இப்படி நீளமாக எழுதுகிறேன்.

மணமேல்குடிப் பக்கம் பிறந்தவள் நான். திருச்சியில் நுண்ணுயிரியல் படித்தேன். படிப்பு முடிந்து, சிறிது காலம் ஒரு பால் பண்ணையின் பரிசோதனைக் கூடத்தில் வெந்நீரோடும் குடுவைகளோடும் மல்லுக்கட்டினேன். கல்யாணமாகிப் புதுக்கோட்டைக்கு வந்த பிறகு இந்த வேலை கிடைத்தது. விவசாயிகள் சேர்ந்து வைத்திருந்த ஓர் அறக்கட்டளையின் சின்ன ஆய்வுக்கூடம். வாடகைக் கட்டடம். பயிர்களை அழுகச் செய்யும் பூஞ்சைகளுக்கு எதிரான பாக்டீரியாவை வளர்த்து, வெள்ளைப் பவுடரில் கலந்து, பொட்டலமாக்கிக் கொடுப்போம். விவசாயிகள் ஆறிய அரிசிக் கஞ்சியில் அந்தப் பொடியைக் கரைத்து, விதைக்கடலையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைப்பார்கள். விதையோடு மண்ணுக்குள் போகும் பாக்டீரியா வேரைச் சுற்றிக் குடியேறி, பூஞ்சையைத் தடுக்கும் ஒரு பொருளைச் சுரக்கும். அந்தச் சுரப்புதான் மருந்து.

அங்கே எனக்கு மேலதிகாரி அமலதாஸ் சார். ஒல்லியான, உயரம் குறைந்த மனிதர். அவர் வீட்டிலும் கடலை விவசாயம்தான். குடும்பத்தில் முதலில் டாக்டர் பட்டம் வாங்கியவர் அவர். எங்கள் யாரையும் 'நீ' என்று கூப்பிட்டதில்லை. ஒரு கண்ணாடித் தட்டைக் கையில் கொடுத்தால் உடனே மூடியைத் திறக்க மாட்டார். முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். பிறகு, "இதுக்கு வேற காரணம் இருக்கலாமா?" என்பார். நல்ல முடிவுக்கும் அதே கேள்வி, கெட்ட முடிவுக்கும் அதே கேள்வி. கோபம் வந்தால் குரல் இறங்கும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டால் நாங்கள் நடுங்குவோம். "நிச்சயமா சார்" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று முழுவதும் அதே வேலையை அவர்களைத் திரும்பச் செய்ய வைப்பார். ஆரம்பத்தில் இவரோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று நினைத்தேன்.

ஒரு சித்திரையில் அழகுமணி வந்தார். பொன்னமராவதியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். கணவர் சிங்கப்பூரில். போர்வெல் தண்ணீரை வைத்துக் கடலை போட்டுக் காட்டை அவரே கட்டி ஆண்டுகொண்டிருந்தார். ஊரில் பெண் விவசாயிகளை ஒரு குழுவாகச் சேர்த்து, எல்லோரையும் ரசாயனப் பூஞ்சை மருந்தை விடச் செய்து, எங்கள் பொடிக்கு மாற்றியவரும் அவர்தான். எங்கள் கூட்டங்களில் எழுந்து நின்று எங்களுக்காகப் பேசுபவர்.

அன்று அவர் உட்காரவில்லை. கையிலிருந்த சாக்குப் பையைச் சோதனை மேசையின் மேலேயே கவிழ்த்தார். பிடுங்கிய கடலைச் செடிகள். இலை பச்சையாகவே வாடிக் கிடந்தது. தண்டின் அடியில் பஞ்சு பிரித்துச் சுற்றியதுபோல வெள்ளை நூல். நூலுக்கு நடுவே கடுகு கடுகாகப் பூஞ்சையின் வித்துகள்.

"ஒங்க பொடி போட்ட கடலதான் மேடம். தெட்டுத் தெட்டாச் சாகுது. நேத்துச் சாயந்தரம் நல்லா நின்னது காலையில தலை தொங்கிருது. எங்காட்டுல மட்டும்னா நான் இங்க வரமாட்டேன். குழுவுல பாதிப் பேருக்கு இதே கதி."

தண்டழுகல் நோய். பார்த்ததுமே தெரிந்தது. எதைத் தடுக்கத்தான் பொடி கொடுத்தோமோ அதே நோய்.

"பொடிய வெயில்ல வெச்சுட்டீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"வெயில்லயா? எம்புள்ளைக்கு வாங்குன மருந்த எங்க வைப்பேனோ அங்க வெச்சேன்."

சார் செடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். கடைசியில், "ஒரு வாரம் டயம் குடுங்கம்மா" என்றார்.

"ஒரு வாரமா? சித்திரைப் பட்டத்துக்கு மத்தவங்க விதைக்கத் தயாரா இருக்காங்க சார். கோடை மழை ஒண்ணு விழுந்தா அன்னைக்கே விதைக்கணும். எம்பேச்சக் கேட்டுத்தான் அவங்க மருந்து வாங்காம இருக்காங்க."

சித்திரைப் பட்டத்துக்கான பேட்ச் பக்கத்து அறையில் அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. சாருடைய கண் அந்தக் கதவுப் பக்கமே போய்ப் போய் வந்ததை நான் பார்த்தேன்.

அழகுமணி போனதும் வேலையை ஆரம்பித்தோம். அழகுமணிக்குக் கொடுத்த அதே பேட்ச்சில் எங்களிடம் எடுத்து வைத்த மாதிரி இருந்தது. உயிருள்ள பாக்டீரியா எவ்வளவு என்று எண்ணினோம். குறைவே இல்லை. அடுத்து, பூஞ்சையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கும் சோதனை. ஊட்டக்கூழ் ஊற்றி உறைய வைத்த தட்டின் நடுவில் பூஞ்சைத் துண்டு ஒன்றை வைப்போம். ஓரத்தில் பாக்டீரியாவை ஒரு கோடாக இழுப்போம். தட்டை இருபத்தெட்டு டிகிரி வெப்பப் பெட்டியில் வைத்துவிடுவோம். பூஞ்சை வட்டமாகப் படர்ந்துகொண்டே வந்து, பாக்டீரியாக் கோட்டுக்கு முன்னால் சுவர் இருப்பதுபோல நின்றுவிட்டால், இடையில் ஒரு காலி இடம் தெரியும். அந்த இடைவெளிதான் எங்களுக்குச் சாட்சி.

இடைவெளி அழகாக வந்தது. அழகுமணி கொண்டுவந்த செடியிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சையே எங்கள் பாக்டீரியாவுக்கு முன்னால் நின்றுவிட்டது. எனக்கு உயிர் வந்தது.

"சார், நம்ம மேல தப்பு இல்ல. பொடி நல்லாருக்கு" என்று தட்டை நீட்டினேன்.

அவர் வழக்கம்போலக் கவிழ்த்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பார்த்தார். "நம்ம தட்டுல நிக்குது. அவங்க காட்டுல நிக்கல. அவங்க பொய் சொல்றாங்களா?"

"இல்ல சார்."

"தட்டு பொய் சொல்லுதா?"

அன்று வீட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தேன்.

மறுநாள் உச்சி வெயிலில் அந்தக் கிராமத்தில் இறங்கினோம். அழகுமணியின் காட்டில் நடுநடுவே திட்டுத் திட்டாகச் செடி செத்து மண் தெரிந்தது. செத்த இடத்தின் ஓரத்தில் வேரைப் பார்க்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவள், ஆதரவுக்காக உள்ளங்கையை மண்ணில் ஊன்றினேன். சுட்டது. கையை இழுத்துக்கொண்டேன்.

சார் என் கையைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது.

"வளர்மதி, நம்ம வெப்பப் பெட்டி எத்தன டிகிரியில இருக்கு?"

"எப்பவும்போல இருபத்தெட்டு சார்."

"ஏன் இருபத்தெட்டு?"

"பாக்டீரியாவுக்கு அதுதான நல்லது?"

"பாக்டீரியாவுக்கு நல்லது. இங்க வேர்கிட்ட என்ன இருக்குன்னு நாம பாத்தமா?"

பையில் வெப்பமானி இருந்தது. மண்ணைக் கீறி, வேர் இருக்கும் ஆழத்தில் சொருகி, மேலே துண்டைப் போட்டு நிழல் காட்டிக் காத்திருந்தோம். முப்பத்தாறைத் தொட்டது. வேறு இடங்களில் வைத்தோம். ஒன்றிரண்டில் இன்னும் கூடுதலாகவே காட்டியது. அழகுமணி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"செத்துப் போச்சா சார், ஒங்க பூச்சி?" என்று கேட்டார். பாக்டீரியாவை அவர் பூச்சி என்றுதான் சொல்வார்.

"தெரியலம்மா. தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன்" என்றார் சார்.

அந்தச் செடிகளின் வேர்மண்ணை எடுத்து வந்து சோதித்தோம். எங்கள் பாக்டீரியா சாகவில்லை. தாராளமாகவே இருந்தது. எனக்கு அது இன்னும் பயத்தைத்தான் கொடுத்தது. செத்திருந்தால் காரணம் புரிந்திருக்கும். உயிரோடு இருந்துகொண்டே பூஞ்சையை விட்டுவிட்டதென்றால் எதை நம்புவது?

பழைய சோதனையையே திரும்பச் செய்தோம். இந்த முறை ஒரு பெட்டி இருபத்தெட்டில், ஒன்று முப்பத்திரண்டில், இன்னொன்று முப்பத்தாறில். ஒரே பாக்டீரியா, ஒரே பூஞ்சை, ஒரே கூழ். சூடு மட்டும் வேறு. இரவல் வாங்கி வந்த பெட்டி ஒன்றின் சூடு ஏறி இறங்கியது. மின்சாரம் போகும்போதெல்லாம் சூடு இறங்காதபடி பெட்டிக் கதவை யாரையும் திறக்க விடாமல் நான் காவல் நின்றேன்.

பூஞ்சை தட்டின் ஓரத்தை எட்டிய காலையில் பெட்டிகளைத் திறந்தோம். இருபத்தெட்டில் அகலமான இடைவெளி. முப்பத்திரண்டில் அது சுருங்கியிருந்தது. முப்பத்தாறு டிகிரித் தட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். பாக்டீரியாக் கோடு தடிப்பாக, பளபளவென்று, மற்ற தட்டுகளைவிடச் செழிப்பாகவே வளர்ந்திருந்தது. அதன் மேலேயே ஏறி நடந்து போய்த் தட்டின் விளிம்பில் வெள்ளையாகக் குவிந்திருந்தது பூஞ்சை.

"சூட்டுல இது சுரக்கிறத நிறுத்திருச்சு சார்" என்றேன்.

"இதுக்கு வேற காரணம் இருக்கலாமா?"

எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. மழை எப்போது வருமோ என்று பதறிக்கொண்டிருக்கும்போது இது என்ன கேள்வி?

"பூஞ்சைக்குச் சூடு புடிக்கும் வளர்மதி. சூட்டுல அது பலசாலியாயிட்டதால மருந்த மீறி வந்திருக்கலாம்ல? அப்படின்னா பொடியக் கூட்டிப் போடச் சொல்லலாம். நீங்க சொல்றதுதான் சரின்னா, எவ்வளவு கூட்டினாலும் பிரயோசனம் இல்ல. அவங்ககிட்ட எதச் சொல்லப் போறோம்?"

அவர் கேட்டது நியாயம். இரண்டு குடுவைகளில் பாக்டீரியாவை வளர்த்தோம், ஒன்றை இருபத்தெட்டில், ஒன்றை முப்பத்தாறில். இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும்படி சமன் செய்தோம். பிறகு நுண்வடிகட்டியில் அழுத்தி பாக்டீரியாவை முழுவதுமாக நீக்கிவிட்டு, அது சுரந்த நீரை மட்டும் எடுத்தோம். பூஞ்சை வைத்த தட்டுகளில் சின்னச் சின்னக் குழி வெட்டி, ஒரு பக்கம் இந்த நீர், மறுபக்கம் அந்த நீர். இப்போது எல்லாத் தட்டும் ஒரே சூட்டில். பூஞ்சைக்குக் கூடுதல் பலம் எதுவும் கிடையாது.

காத்திருந்த நாட்களில் ஒரு சாயங்காலம் வானம் கறுத்து, பொன்னமராவதிப் பக்கம் நல்ல மழை பெய்துவிட்டது. காலையில் நான் உள்ளே நுழையும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. அறக்கட்டளையின் செயலாளர்.

"எண்ணிக்கை ரிப்போர்ட்டு நல்லா வந்திருக்குல்ல? பெறகு ஏன் பெட்டி இன்னும் அங்கேயே கெடக்கு? ஈரம் காஞ்சா நீங்க வந்து விதைச்சுத் தருவீங்களா? சாரக் கூப்பிடுங்க."

சார் வாங்கிப் பேசினார். அவருடைய குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"எண்ணிக்கை சரிதாங்க. வேலை செய்யுமான்னு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப மாட்டேன்."

போனை வைத்துவிட்டு நேராகத் தட்டுகளிடம் போனார். நான் பின்னாலேயே போனேன். இருபத்தெட்டில் வளர்ந்த பாக்டீரியாவின் நீர் இருந்த குழியைச் சுற்றிப் பூஞ்சை ஒதுங்கி வளைந்திருந்தது. முப்பத்தாறில் வளர்ந்ததன் நீர் இருந்த குழியைப் பூஞ்சை அப்படியே மூடியிருந்தது. வெறும் தண்ணீர் ஊற்றிய குழிக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இந்தத் தடவை அவர் கேள்வி கேட்கவில்லை. "கெளம்புங்க. நேர்ல போய்ச் சொல்லிருவோம்" என்றார்.

ஜீப்பில் போகும்போது என்னென்னவோ யோசித்தேன். என்ன சொல்வார்கள்? அறக்கட்டளை எங்களை வைத்திருக்குமா? பல வருடமாகச் சேர்த்த நம்பிக்கை ஒரு பேச்சில் போய்விடுமா? 'ஏதோ பேட்ச் சரியில்லை, வேறு தருகிறோம்' என்று சொன்னால் போதாதா என்றுகூட நினைத்தேன். சாரிடம் சொல்ல வாய் வரவில்லை.

பள்ளிக்கூடத்து மரத்தடியில் குழுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மழை ஈரத்தில் மண் வாசம் வந்தது. எல்லோருக்கும் காட்டுக்குப் போகிற அவசரம். சார் சுற்றி வளைக்கவில்லை.

"எங்க பொடி இந்தக் கோடைச் சூட்டுல வேலை செய்யாதும்மா. பாக்டீரியா உயிரோட இருக்கும். ஆனா பூஞ்சையத் தடுக்கிற பொருளச் சுரக்காது. கூட்டிப் போட்டாலும் சுரக்காது. இது ஒங்க தப்பு இல்ல. நாங்க குளிர்ச்சியான பெட்டியில வெச்சுப் பாத்துட்டு, சரியா இருக்குன்னு நெனச்சிருந்தோம். இந்தப் பட்டத்துக்குப் பழையபடி பூஞ்சை மருந்துல விதைய நேர்த்தி பண்ணி விதைங்க. செத்த செடியெல்லாம் பிடுங்கி எரிச்சிருங்க. காட்டுலயே போடாதீங்க."

அழகுமணி எழுந்தார்.

"ஏன் சார், மருந்து வேணாம், மண்ணு கெட்டுப்போகும்னு நீங்க சொன்னத நம்பி வீடு வீடாப் போயிச் சொன்னது நான். இப்ப மறுபடி மருந்து வாங்குங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? நீங்க இங்கிட்டு வந்து சொல்லிட்டு அங்கிட்டுப் போயிருவீங்க. நான் இவங்களோடதான சார் கெடக்கணும்?"

"அதனாலதாம்மா நானே வந்து சொல்றேன். நீங்க சொல்ல வேணாம்."

"இத முன்னாடியே பாத்திருக்கக் கூடாதா?"

"பாத்திருக்கணும்" என்றார் சார்.

அழகுமணியின் கண் கலங்கியது. முந்தானையால் அழுத்தித் துடைத்தார். அவருக்குப் பின்னாலிருந்த ஒரு பெண், "சரி அழகு, வெதைக்கறதுக்கு முந்தியாச்சும் வந்து சொன்னாங்கள்ல. வா, ஈரம் காயுது" என்று எழுந்தார். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். எங்களுக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. கொடுத்திருந்தால் குடித்திருக்க முடியுமா என்றும் தெரியவில்லை.

கிளம்பும்போது அழகுமணி ஜீப் பக்கம் வந்தார். கோபம் இறங்கவில்லை. ஆனாலும் கேட்டார்.

"சூட்டுலயும் வேலை செய்யிற பூச்சி ஒண்ணு இருக்குமா சார்?"

சார் பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்த அவருடைய காட்டில் செத்த தெட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு தெட்டுக்கும் நடுவே ஓரிரண்டு செடி மட்டும் சாகாமல் நின்றது. "அதுகள ஏதோ காப்பாத்தியிருக்கலாம். அதுகள மட்டும் வேரோட, மண்ணோட எங்களுக்குத் தர்றீங்களா?" என்று கேட்டார்.

சித்திரைப் பட்டக் கடலை மருந்தில் ஓரளவு தப்பியது. அறக்கட்டளைக் கூட்டத்தில் சாரை வறுத்தெடுத்தார்கள். கோடைக்கான ஆர்டர்கள் நின்றுபோயின. இரண்டு தற்காலிக ஊழியர்களை அனுப்பிவிட்டார்கள். அடுத்தது நான்தான் என்று ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எதிர்பார்த்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

அந்தச் செடிகளின் வேரிலிருந்து விதவிதமான பாக்டீரியாக்களைப் பிரித்தோம். எல்லாவற்றையும் முப்பத்தாறிலேயே சோதித்தோம்; பவித்ரா கேட்ட டெஸ்ட் அப்போது ஆரம்பித்ததுதான். பெரும்பாலானவை எங்கள் பழைய பாக்டீரியாவைப் போலவே செழிப்பாக வளர்ந்து சும்மா இருந்தன. ஆடி போய், ஐப்பசி மழையும் போய்விட்டது. ஒருநாள், சுருங்கிப் போன தோசைபோல அழுக்கு வெள்ளையில் வளரும் ஒன்றுக்கு முன்னால் பூஞ்சை நின்றுவிட்டது. முப்பத்தாறு டிகிரியில், ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. நான் சத்தம் போடவில்லை. சாரைக் கூப்பிடவும் இல்லை. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்து, திரும்பவும் இடைவெளி வந்த பிறகுதான் அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அடுத்த கோடையில், அந்தப் புதிய பாக்டீரியாவை விதைக்கடலையில் புரட்டி விதைத்துப் பார்க்க அழகுமணி ஒரு துண்டு நிலம் கொடுத்தார். "குழுவுல யாரையும் இழுக்காதீங்க. எங்காடு மட்டும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். விதைத்த பிறகு இரண்டு மாதமும் ஆய்வுக்கூடத்தில் போன் அடித்தாலே எனக்குத் தூக்கிப் போடும்.

பார்க்கப் போன அன்றும் மண் சுட்டது. செடிகள் நின்றன. ஆனால் வெளியே பச்சையாக இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தண்டின் அடியைப் பார்க்க வேண்டும். அழகுமணி ஒரு செடியைப் பிடுங்கி உதறினார். சுத்தமாக இருந்தது. பிஞ்சுக் கடலை கொத்தாகத் தொங்கியது. இன்னொன்று, அதுவும் சுத்தம். வரிசை மாறி மாறிப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தோம். அழகுமணியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. எனக்கும் மூச்சு சீராக வந்தது.

அப்போது சார் வரப்போரத்தில் ஒன்றைப் பிடுங்கினார். அதன் அடித்தண்டில் மெல்லிய வெள்ளை நூல் சுற்றியிருந்தது.

"ஒண்ணுதான சார்" என்றார் அழகுமணி. எங்களைத் தேற்றுகிற குரல். "போன வருசம் நான் சாக்குல கொண்டாந்து கொட்டுனது மறந்து போச்சா? இது எவ்வளவோ தேவல. அடுத்த பட்டத்துக்கு நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"இன்னும் ஒரு கோடை பாத்துட்டுச் சொல்லுங்கம்மா" என்றார் சார்.

திரும்பும்போது அழகுமணி ஒரு பை நிறையப் பச்சைக் கடலை கட்டிக் கொடுத்தார். சார் அதை வாங்கிக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். நோய் கண்ட அந்த ஒற்றைச் செடியை, ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்க, ஈரத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்திருந்தார். ஜீப் குலுங்கும்போதெல்லாம் வெள்ளை நூல் உதிர்ந்துவிடாமல் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.